பாலிகஞ்ச் வீட்டு வானொலியும் டாக்காவின் தீராத வழக்கும்

லேக் மார்க்கெட்டிலும் கரியாஹாட்டிலும் குடியிருந்துகொண்டு ஆபீசுக்கு ஓடும் நம்மவர்களில் பலர் பாலிகஞ்ச் சர்க்குலர் ரோடு வழியாக எத்தனையோ முறை போயிருப்பார்கள். சயன்ஸ் காலேஜ் இருக்கும் அதே சாலைதான். பெயர்ப் பலகையில் இப்போது பிரமதேஷ் பருவா சரணி என்று எழுதியிருக்கிறது. 1935-ல் ‘தேவதாஸ்’ படம் எடுத்தவரின் பெயர் அது. ஆனாலும் பஸ் கண்டக்டருக்கும் டாக்சிக்காரருக்கும் பழைய பெயர்தான் வாயில் வருகிறது.

அந்தச் சாலையில் 57/8 என்ற இலக்கமுள்ள வீட்டிலிருந்துதான் 1971-ம் ஆண்டு ஏழு மாத காலம் ஒரு தேசத்தின் குரல் ஒலித்தது என்பதை அறிந்தவர்கள் இன்று குறைவு. ‘சுதந்திர வங்காள வானொலி நிலையம்’ என்பது அதன் பெயர். 1971 மே 25-ந் தேதி, கவிஞர் நஸ்ருல் இஸ்லாமின் பிறந்த நாளன்று, கல்கத்தாவிலிருந்து அதன் ஒலிபரப்பு தொடங்கிற்று. 50 கிலோவாட் டிரான்ஸ்மிட்டரை இந்திய சர்க்கார் கொடுத்து உதவியது. பாட்டும் செய்தியும் நாடகமும் இந்த வீட்டில் டேப்பில் பதிவாகி வெளியே போகும். ஸ்டூடியோ என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஜன்னல்களை அடைத்துக்கொண்டு ஒரு சாதாரண அறையில் பதிவு செய்தார்கள். பாடியவர்களில் பலர் அங்கேயே தரையில் படுத்து உறங்கினார்கள்.

அந்த வானொலியில் மக்கள் காத்திருந்து கேட்ட நிகழ்ச்சி ‘சரம்பத்ரா’ என்பதாகும். ‘கடைசி எச்சரிக்கை’ என்று பொருள் சொல்லலாம். எம்.ஆர். அக்தர் முகுல் என்ற பத்திரிகையாளர் தாமே எழுதி, தாமே வாசித்தார். வாசித்தது ஏட்டு வங்காளியில் அல்ல. டாக்காவின் தெருப் பேச்சில். சென்னை ரிக்ஷாக்காரர் பாஷையில் ஒருவர் யுத்தச் செய்தி வாசித்து, எதிரித் தளபதிகளை நையாண்டி செய்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எல்லைக்கு அப்பால் கிராமங்களில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, டிரான்சிஸ்டரின் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டார்கள். பிடிபட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

1971 டிசம்பர் 16-ல் யுத்தம் முடிந்தது. டாக்கா ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் பாகிஸ்தான் தளபதி நியாஜி, இந்தியாவின் லெப்டினென்ட் ஜெனரல் ஜக்ஜித் சிங் அரோரா முன்னிலையில் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். சுமார் 93,000 பேர் கைதிகளாயினர். பாலிகஞ்ச் வீட்டிலிருந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

அத்துடன் முடிந்திருக்க வேண்டிய கதை முடியவில்லை. யார் எந்தப் பக்கம் நின்றார்கள், யாருடைய தகப்பனார் என்ன செய்தார் என்ற கேள்வி அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அங்கே ஆட்சிகளைக் கவிழ்க்கிறது. பாடப் புத்தகத்தை மாற்றுகிறது. தூக்குமேடை வரை ஆட்களைக் கொண்டுபோகிறது. இந்தியாவில் சில லட்சம் பேருடைய குடியுரிமை கூட அந்த ஆண்டின் ஒரு தேதியில்தான் தொங்குகிறது.

குமாஸ்தாக்கள் கட்சி மாறிய நாள்

பழைய சங்கதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1970 டிசம்பரில் பாகிஸ்தானில் பொதுத் தேர்தல் நடந்தது. ஷேக் முஜிபுர் ரகுமானின் அவாமி லீக், கிழக்குப் பாகிஸ்தானின் 162 பொதுத் தொகுதிகளில் 160-ஐப் பிடித்தது. தேசிய சபையில் அறுதிப் பெரும்பான்மை அவருக்கு. மேற்கே பூட்டோவின் கட்சிக்கு 81 இடங்கள்தான். ஆனாலும் ஜனாதிபதி யாகியா கான் ஆட்சியை முஜிபிடம் ஒப்படைக்கவில்லை. 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் ராணுவம் புகுந்தது. பல்கலைக்கழக விடுதிகளில் மாணவர்களும் ஆசிரியர்களும் சுடப்பட்டனர். முஜிப் கைது செய்யப்பட்டு மேற்குப் பாகிஸ்தானுக்குக் கொண்டு செல்லப்பட்டார்.

ஏப்ரல் 17-ல் எல்லையோர மாந்தோப்பு ஒன்றில் தற்காலிக சர்க்கார் பதவியேற்றது. தாஜுதீன் அகமது பிரதமர். அந்த சர்க்காரின் காரியாலயம் கல்கத்தா தியேட்டர் ரோடு 8-ம் எண் கட்டடத்தில் நடந்தது. மறுநாள், ஏப்ரல் 18-ல், பார்க் சர்க்கஸ் பக்கம் சர்க்கஸ் அவென்யூவில் இருந்த பாகிஸ்தான் துணை ஹை கமிஷன் அலுவலகத்தில் ஓர் அதிசயம் நடந்தது. துணை ஹை கமிஷனர் ஹுசேன் அலியும் அவரிடம் வேலை பார்த்த வங்காளி அதிகாரிகளும் குமாஸ்தாக்களும் பாகிஸ்தான் கொடியை இறக்கிவிட்டு வங்காள தேசக் கொடியை ஏற்றினார்கள். மாதச் சம்பளம், பென்ஷன், ஊரில் விட்டுவந்த குடும்பம் எல்லாவற்றையும் பணயம் வைத்த காரியம் அது. போர்க்களத்தில் சுட்டவர்களின் பெயர்களே சரித்திரத்தில் நிற்கின்றன. பைல் கட்டுகளோடு கட்சி மாறிய இந்த ஊழியர்களை யாரும் பெரிதாக எழுதுவதில்லை.

சுமார் ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். சால்ட் லேக் அன்று வெறும் மணல் வெளி. அங்கே கான்கிரீட் சாக்கடைக் குழாய்களுக்குள் குடும்பங்கள் வாழ்ந்தன. 1971 நவம்பர் 15 முதல் 1973 மார்ச் வரை தபால்களில் கூடுதலாக 5 காசு ‘அகதிகள் நிவாரண’ ஸ்டாம்பு ஒட்ட வேண்டியிருந்தது மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். கல்கத்தாவைக் கண்ணால் பாராத தஞ்சாவூர்க்காரரும் திருநெல்வேலிக்காரரும் கூட அந்த 5 காசைக் கட்டியிருக்கிறார்கள்.

பெயரிலேயே சண்டை

இந்த யுத்தத்துக்கு என்ன பெயர் என்பதிலிருந்தே தகராறு தொடங்குகிறது. டாக்காவில் அது ‘விடுதலைப் போர்’. பாகிஸ்தானில் உள்நாட்டுக் கலகம் அல்லது இந்தியச் சதி. நம் ஊர்ப் பாடங்களில் அது ‘1971 இந்தியா–பாகிஸ்தான் யுத்தம்’. கடைசி 13 நாட்களே பெரிதாகத் தெரியும்.

மாண்டவர்கள் எத்தனை பேர் என்பது அடுத்த தகராறு. 30 லட்சம் என்பது வங்காள தேசத்தின் அதிகாரபூர்வக் கணக்கு. பாகிஸ்தான் நியமித்த ஹமூதுர் ரகுமான் கமிஷன் 26,000 என்றது. வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் பலர் இவ்விரண்டுக்கும் நடுவே சில லட்சங்கள் என்று மதிப்பிடுகிறார்கள். டாக்காவில் வேலை பார்த்த பிரிட்டிஷ் பத்திரிகையாளர் ஒருவர் 30 லட்சக் கணக்கைக் கேள்வி கேட்டு எழுதியதற்காக 2014 டிசம்பரில் நீதிமன்ற அவமதிப்பு என்று 5,000 டாக்கா அபராதம் விதிக்கப்பட்டார். சவத்தை எண்ணுவதிலும் கட்சி பார்க்கிறார்கள் என்று இதைக் கேட்டு அலுத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் தன் வீட்டில் மூன்று பேரைப் பறிகொடுத்தவனிடம் போய் ‘மொத்தக் கணக்கு சரியில்லை’ என்றால் அவன் காதில் அது வேறு விதமாகத்தான் விழும்.

இது வங்காளிகளுக்கு மட்டுமே உரிய வியாதி என்று யாரும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை வடக்கும் தெற்கும் மோதின. 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டதாகச் சொல்லப்படும் யுத்தம். அடிமை முறையைக் காப்பாற்றவே தென் மாகாணங்கள் பிரிந்தன. ஆனால் தோற்ற பிறகு தெற்கே பலர் அதை ‘மாகாண உரிமைக்கான போர்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். தோற்ற தளபதிகளுக்குச் சிலைகள் வைத்தார்கள். அதுவும் யுத்தம் முடிந்து ஒரு தலைமுறை கழித்து. ரிச்மண்ட் நகரில் தளபதி ராபர்ட் லீயின் குதிரைச் சிலை 1890-ல் எழுந்து 2021 செப்டம்பரில் இறக்கப்பட்டது. 2017-ல் சார்லட்ஸ்வில் நகரில் அதே லீயின் இன்னொரு சிலையை அகற்றும் தகராறில் கூட்டத்துக்குள் காரை ஓட்டி ஒரு பெண்ணைக் கொன்றான் ஒருவன். 2021 ஜனவரி 6-ல் வாஷிங்டன் பார்லிமெண்டுக்குள் புகுந்த கூட்டத்தில் ஒருவன் தென் மாகாணப் படையின் கொடியைத் தோளில் தாங்கி நடந்த படத்தை உலகமே பார்த்தது. தென் தளபதி பிராக்கின் பெயர் தாங்கிய ராணுவ முகாமுக்கு 2023-ல் ‘லிபர்ட்டி’ என்று பெயர் மாற்றினார்கள். 2025-ல் ஆட்சி மாறியதும் மறுபடியும் ‘பிராக்’ ஆகிவிட்டது. இது வேறொரு சிப்பாய் பிராக்கின் பெயர் என்று விளக்கம் சொன்னார்கள். நம் ஊரில் தெருப் பெயர் மாற்றுகிறவர்களுக்குக் கூட இந்த யோசனை வந்திருக்காது!

பக்கத்திலேயே இலங்கை இருக்கிறது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் மாண்டவர்களுக்காக யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் எழுப்பிய நினைவுத் தூபி 2021 ஜனவரி 8 இரவு இடிக்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தனர். சில நாட்களிலேயே மீண்டும் அடிக்கல் நாட்ட வேண்டியதாயிற்று.

மைக்கைப் பிடித்தவர் யார்?

டாக்காவில் சிலையைவிட வானொலிதான் பெரிய வழக்கு. சுதந்திரத்தை முதலில் பிரகடனம் செய்தது யார்?

அவாமி லீக் சொல்வது: கைதாவதற்கு முன்பே, மார்ச் 26 பிறந்த நள்ளிரவில், முஜிப் பிரகடனத்தை அனுப்பிவிட்டார். வங்காள தேச தேசியக் கட்சி சொல்வது: சிட்டகாங் அருகே காளுர்காட் வானொலி நிலையத்தில் மைக் முன் நின்று உலகுக்கு அறிவித்தவர் மேஜர் ஜியாவுர் ரகுமான்தான். மார்ச் 27-ல் ஜியா பேசியது உண்மை. முஜிபின் பெயரால் பேசினார் என்பதும் உண்மை. மூன்று நாள் கழித்து, மார்ச் 30-ல், பாகிஸ்தான் விமானங்கள் அந்த நிலையத்தைக் குண்டு வீசித் தகர்த்தன. ஊழியர்கள் ஒரு சிறிய டிரான்ஸ்மிட்டரைத் தூக்கிக்கொண்டு திரிபுராவுக்கு வந்தார்கள். அங்கிருந்து நகர்ந்து வந்ததுதான் நமது பாலிகஞ்ச் வீட்டு வானொலி.

1971-ல் இது ஒரு தகராறாகவே இல்லை. முஜிப் தலைவர், ஜியா போர்க்களத்தில் ஒரு மேஜர். தகராறு பின்னால் முளைத்தது. 1975 ஆகஸ்ட் 15 விடியற்காலையில் ராணுவ அதிகாரிகள் சிலர் முஜிபையும் மனைவியையும் மகன்களையும் மருமகள்களையும் தன்மண்டி 32-ம் எண் வீட்டில் சுட்டுக் கொன்றனர். வெளிநாட்டில் இருந்ததால் ஷேக் ஹசீனாவும் தங்கை ரெஹானாவும் பிழைத்தனர். அதே ஆண்டு நவம்பர் 3-ல் தாஜுதீன் அகமதும், 1971-ல் கல்கத்தாவிலிருந்து சர்க்கார் நடத்திய மற்ற மூன்று தலைவர்களும் டாக்கா சிறைக்குள்ளேயே கொல்லப்பட்டனர். பிறகு ஆட்சிக்கு வந்த ஜியா 1978-ல் கட்சி தொடங்கினார். 1981 மே 30-ல் சிட்டகாங்கில் அவரும் ராணுவத்தாராலேயே கொல்லப்பட்டார். ஒருவரின் மகளும் மற்றவரின் மனைவி காலிதா ஜியாவும் பிற்காலத்தில் மாறி மாறி ஆண்டார்கள். அப்பாவா, கணவரா என்ற வழக்கு அப்படித்தான் அரசியல் ஆயிற்று.

ஆட்சி மாறும்போதெல்லாம் பாடப் புத்தகம் மாறும். 2009 ஜூனில் டாக்கா ஹைகோர்ட், பிரகடனம் செய்தவர் முஜிபே என்று தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த புதிய பாடப் புத்தகங்கள் மார்ச் 26-ல் ஜியா அறிவித்தார் என்றும், 27-ல் முஜிபின் சார்பில் மறுபடியும் அறிவித்தார் என்றும் எழுதின. ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் வெவ்வேறு சரித்திரம் படித்துப் பாஸ் செய்திருப்பார்கள். பரீட்சை எழுதும் பையன் என்ன செய்வான்? அந்த வருஷத்துப் புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதை எழுதுவான்.

முஜிபைக் கொன்றவர்களில் ஐவர் 2010 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டனர். அப்துல் மஜீத் என்ற இன்னொருவர் 2020 ஏப்ரலில் டாக்காவில் பிடிபட்டு, அதே மாதம் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முன் 20 ஆண்டுகளுக்கும் மேலாக வேறு பெயரில் கல்கத்தாவின் மத்தியிலேயே அவர் வாழ்ந்து வந்தார் என்ற செய்தி அப்போது அக்கம்பக்கத்தாரைத் திடுக்கிட வைத்தது.

ஒரு வசைச் சொல்

‘ரஜாக்கார்’ என்ற சொல் நமக்குப் புதிதல்ல. ‘தொண்டர்’ என்பதுதான் அதன் நேர்ப் பொருள். ஐதராபாத் நிஜாம் காலத்தில் காசிம் ரஜ்வியின் ரஜாக்கார் படை செய்த அட்டூழியங்களையும், 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் புகுந்து அதை அடக்கியதையும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1971-ல் கிழக்குப் பாகிஸ்தானில் ராணுவத்துக்கு உதவ உள்ளூரிலேயே திரட்டிய படைக்கும் அதே பெயர் வைத்தார்கள். ஊர்க்காரனே ஊர்க்காரன் வீட்டைக் காட்டிக் கொடுத்தான். டிசம்பர் 14-ல், தோல்வி தெரிந்துவிட்ட நேரத்தில், அல்-பதர் படையினர் பேராசிரியர்களையும் டாக்டர்களையும் பத்திரிகையாளர்களையும் வீடு தேடிப் பிடித்துச் சென்று கொன்றனர். நம்மிடம் எட்டப்பன் என்ற பெயர் எப்படியோ, அங்கே ரஜாக்கார் அப்படி. எட்டப்பன் 200 ஆண்டுப் பழங்கதை; ரஜாக்காரோ அடுத்த தெருவில் பேரன் பேத்தியோடு இருக்கக்கூடியவர். அதுதான் வித்தியாசம்.

பாகிஸ்தான் பக்கம் நின்ற ஜமாத்-இ-இஸ்லாமி, சுதந்திரத்துக்குப் பின் தடை செய்யப்பட்டு, எழுபதுகளின் பிற்பகுதியில் மெல்லத் திரும்பி வந்தது. 2001-ல் காலிதா ஜியா மந்திரி சபையில் அதன் தலைவர்கள் இருவர் மந்திரிகளானார்கள். விடுதலைப் போரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் அவர்களுடைய காரில் தேசியக் கொடி பறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

2010-ல் ஹசீனா சர்க்கார் யுத்தக் குற்ற விசாரணை மன்றம் அமைத்தது. அப்துல் காதர் முல்லாவுக்கு 2013 பிப்ரவரியில் ஆயுள் தண்டனை மட்டும் கிடைத்தபோது டாக்காவின் ஷாபாக் சதுக்கத்தில் இளைஞர்கள் லட்சக்கணக்கில் கூடித் தூக்குத் தண்டனை கேட்டார்கள். சட்டத்தைத் திருத்தி, அப்பீல் செய்து, அந்த டிசம்பரில் தூக்கிலிட்டார்கள். முன்னாள் மந்திரிகள் முஜாஹித் 2015-லும், நிஜாமி 2016-லும் தூக்கிலிடப்பட்டனர். குற்றம் நடந்தது உண்மை. ஆனால் விசாரணை முறையாக நடக்கவில்லை என்று சர்வதேச மனித உரிமை அமைப்புகள் சொல்லிக்கொண்டேயிருந்தன. அதைக் காதில் போட்டுக்கொள்ளாததன் பலன் பின்னால் தெரிந்தது. மரண தண்டனை பெற்றிருந்த அசாருல் இஸ்லாம் என்ற ஜமாத் தலைவரை 2025 மே மாதம் அதே நாட்டுச் சுப்ரீம் கோர்ட் விடுதலை செய்துவிட்டது. ஒரு பாரபட்சமற்ற தீர்ப்பு எந்தக் காலத்திலும் கிடைக்காமல் போயிற்றே என்பது இரு தரப்புக்கும் நஷ்டம்.

30 சதவிகிதம்

சர்க்கார் உத்தியோகத்துக்குப் பரீட்சை எழுதிய ஒவ்வொருவருக்கும் இனி சொல்லப்போவது சுலபமாகப் புரியும்.

விடுதலைப் போரில் ஆயுதம் ஏந்தியவர்களுக்கு 1972-ல் சர்க்கார் வேலையில் 30 சதவிகித ஒதுக்கீடு தரப்பட்டது. நியாயமான ஏற்பாடுதான். படிப்பை விட்டுப் போருக்குப் போனவன் திரும்பி வந்தால் வேலை வேண்டாமா? ஆனால் 1997-ல் ஹசீனா சர்க்கார் அதைப் போராளிகளின் பிள்ளைகளுக்கும் நீட்டித்தது; 2010-ல் பேரப் பிள்ளைகளுக்கும். பெண்கள், மாவட்டங்கள், பழங்குடியினர், ஊனமுற்றோர் ஒதுக்கீடுகளையும் சேர்த்தால் 56 சதவிகிதம். மிச்சம் 44-க்கு நாட்டிலுள்ள எல்லாப் பட்டதாரிகளும் அடித்துக்கொள்ள வேண்டும். போராளிச் சான்றிதழ் யாருக்குக் கிடைக்கிறது என்பதிலும் கட்சி புகுந்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் போராளிகளின் பட்டியல் நீண்டும் சுருங்கியும் வந்தது. யுத்த காலத்தில் பால் குடித்துக்கொண்டிருந்த வயதுக்காரர்கள் கூடப் பட்டியலில் ஏறியதாகப் புகார்கள் எழுந்தன.

2018-ல் மாணவர்கள் போராடினார்கள். சர்க்கார் கோபத்தில், உயர் பதவிகளுக்கு ஒதுக்கீடே வேண்டாம் என்று உத்தரவு போட்டது. 2024 ஜூன் 5-ல் ஹைகோர்ட் அந்த உத்தரவைச் செல்லாதென்றது. 30 சதவிகிதம் மீண்டும் உயிர் பெற்றது. மாணவர்களும் மீண்டும் தெருவுக்கு வந்தார்கள்.

ஜூலை 14-ல் நிருபர் கூட்டத்தில் ஹசீனா ஒரு கேள்வி கேட்டார். போராளிகளின் பேரன்களுக்கு இல்லையென்றால் ரஜாக்கார்களின் பேரன்களுக்கா சலுகை கிடைக்க வேண்டும் என்ற பொருளில் அமைந்த பேச்சு அது. அன்றிரவு டாக்கா பல்கலைக்கழக விடுதிகளிலிருந்து மாணவ மாணவியர் நடு ராத்திரியில் வெளியே வந்தனர். ‘நீ யார், நான் யார்’ என்று ஒருவர் கேட்க, ‘ரஜாக்கார்’ என்று கூட்டமே பதில் சொல்லிக்கொண்டு ஊர்வலம் போயிற்று. 53 ஆண்டுகளாக எந்தச் சொல்லைக் கேட்டால் மனிதன் கூசிப் போவானோ அதைத் தாங்களே எடுத்துத் தலையில் சூட்டிக்கொண்டார்கள். அந்த வார்த்தையைச் சொல்லி வாயடைக்கும் வித்தை அன்றிரவே காலாவதியாயிற்று எனலாம். பழைய போராளிகள் சிலருக்கு அந்தக் கோஷம் நெஞ்சில் கத்தி பாய்ந்தது போலிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஜூலை 16-ல் ரங்பூரில் அபு சயீத் என்ற மாணவர் கைகளை விரித்துப் போலீசார் முன் நின்று சுடப்பட்டார். ஜூலை 21-ல் சுப்ரீம் கோர்ட் போராளிகள் பங்கை 5 சதவிகிதமாகக் குறைத்து, 93 சதவிகிதம் தகுதிக்கே என்றது. நேரம் கடந்துவிட்டது. ஒதுக்கீட்டில் தொடங்கியது ஆட்சியிலேயே கை வைத்தது. ஆகஸ்ட் 5-ல் ஹசீனா விமானமேறி இந்தியா வந்து சேர்ந்தார். 1975-க்குப் பின் ஆறு ஆண்டுகள் அவர் அடைக்கலம் புகுந்திருந்ததும் இதே டெல்லிதான். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 15 வரை 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2025 பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்டது.

அதே பிப்ரவரி 5-ல் கூட்டம் ஒன்று தன்மண்டி 32-ம் எண் வீட்டை இயந்திரங்கள் கொண்டு இடித்தது. ஜூன் மாதம் முஜிபின் படமில்லாத புதிய டாக்கா நோட்டுகள் புழக்கத்துக்கு வந்தன. 2025 நவம்பர் 17-ல் ஹசீனாவுக்கு, அவர் நேரில் இல்லாமலேயே, மரண தண்டனை விதிக்கப்பட்டது. விதித்தது 1971 குற்றங்களுக்காக 2010-ல் அவரே அமைத்த அந்த விசாரணை மன்றம்.

கல்கத்தாவுக்கும் இதில் பங்கு உண்டு. 1971-ல் தியேட்டர் ரோட்டுக்கும் பாலிகஞ்சுக்கும் வந்தவர்கள் பாகிஸ்தான் ராணுவத்திடமிருந்து தப்பி வந்த அவாமி லீக்கினர். 2024-க்குப் பிறகு அதே கட்சியின் தலைவர்கள் பலர் தங்கள் நாட்டு மாணவர்களிடமிருந்து தப்பி இதே நகரத்துக்கு வந்தார்கள். அவர்களுடைய அலுவலகங்களை மூட வேண்டும் என்று டாக்கா 2025 ஆகஸ்டில் கேட்டது. அப்படி எதுவும் நடப்பதாகத் தெரியவில்லை என்று டெல்லி பதில் சொன்னது. கல்கத்தா–டாக்கா மைத்ரி எக்ஸ்பிரசும் இந்தக் கலவரத்தில்தான் நின்றது. 1965 யுத்தத்தில் சியால்டாவிலிருந்து போய்க்கொண்டிருந்த வண்டிகள் நின்று, 43 ஆண்டுகள் கழித்து 2008 ஏப்ரல் 14-ல், வங்காளப் புத்தாண்டன்று தொடங்கிய வண்டி அது. 2024 ஜூலையில் மறுபடியும் சிக்னல் சிவப்பு.

தோற்றவர்களின் முகாம்

டாக்காவில் முகமதுபூர் பகுதியில் ‘ஜெனீவா முகாம்’ என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. 1947-ல் பீகாரிலிருந்து போன உருது பேசும் முஸ்லிம்கள். 1971-ல் பலர் பாகிஸ்தான் பக்கம் நின்றனர். நிற்காதவர்களும் அந்தப் பெயரைச் சுமந்தனர். யுத்தத்துக்கு முன்னும் பின்னும் அவர்களிலும் ஆயிரக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டனர் என்பதை டாக்காவில் அதிகம் பேசமாட்டார்கள். பாகிஸ்தான் சிலரை எடுத்துக்கொண்டு மற்றவர்களை விட்டுவிட்டது. 2008-ல்தான் ஹைகோர்ட் தீர்ப்பால், யுத்தத்தின்போது சிறுவர்களாக இருந்தவர்களுக்கும் பிறகு பிறந்தவர்களுக்கும் ஓட்டுரிமை கிடைத்தது. இரண்டு முறை ஊர் மாறியும் எட்டடிக்கு எட்டடி அறை இன்னும் மாறவில்லை.

கெடு தேதி

இனி எல்லைக்கு இப்பால். டாக்காவில் ராணுவம் புகுந்த இரவாகிய மார்ச் 25, 1971 இந்தியச் சட்டத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. அஸ்ஸாமில் வெளியார் எதிர்ப்புக் கிளர்ச்சி ஆறு ஆண்டுகள் நடந்து, 1985 ஆகஸ்ட் 15-ல் ஒப்பந்தமாயிற்று. அதன்படி குடியுரிமைச் சட்டத்தில் 6-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. 1966-க்கு முன் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள் குடிமக்கள். 1966 முதல் 1971 மார்ச் 24 வரை வந்தவர்கள் பத்தாண்டு ஓட்டில்லாமல் இருந்து பிறகு முழு உரிமை பெறலாம். மார்ச் 25-ம் தேதியும் பிறகும் வந்தவர்கள் வெளிநாட்டார்.

ஆக, ராணுவத்துக்குப் பயந்து ஓடி வந்தவனுக்கு அந்த ஓட்டமே விரோதமாகிவிட்டது. 24-ந் தேதி வந்ததாகக் காட்ட முடிந்தால் இந்தியன்; ஒரு வாரம் தாமதித்திருந்தால் அந்நியன். அகதி எந்தத் தேதியில் ஆற்றைக் கடந்தான் என்று ரசீது யார் கொடுத்தார்கள்?

2019 ஆகஸ்ட் 31-ல் வெளியான அஸ்ஸாம் குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இடம்பெறவில்லை. கேட்ட காகிதங்களைப் பார்த்தால் நம் ஆபீஸ் அலமாரிகள் ஞாபகத்துக்கு வரும்: 1951 பதிவேடு, 1971 மார்ச் 24 வரையிலான வாக்காளர் பட்டியல், நிலப் பட்டா, அகதிப் பதிவுச் சான்று, எல்.ஐ.சி. பாலிசி, தபால் ஆபீஸ் சேமிப்புப் புத்தகம், சர்க்கார் உத்தியோகச் சான்று. தகப்பனார் பெயர் அதில் இருந்தால் மட்டும் போதாது. அவர்தான் தகப்பனார் என்பதற்கு இன்னொரு காகிதம். கல்யாணமாகி வேறு ஊர் போன பெண்களுக்குப் பள்ளிச் சான்றும் கிடையாது, பிறப்புச் சான்றும் கிடையாது. கிராமப் பஞ்சாயத்துச் செயலாளர் எழுதிக் கொடுத்த ஒரு துண்டுச் சீட்டுதான் அவர்களைப் பிறந்த வீட்டோடு சேர்த்துக் கட்டியது. பெயரில் ஓர் எழுத்து மாறியதால், ‘பேகம்’ ஒரு காகிதத்தில் ‘காதூன்’ என்றிருந்ததால், அண்ணன் உள்ளே, தங்கை வெளியே என்றான குடும்பங்கள் உண்டு. பதிவேட்டில் எழுத்துப் பிழை விடும் குமாஸ்தாவின் கையில் இத்தனை பேருடைய தலையெழுத்து இருக்கிறதென்று எந்தக் குமாஸ்தாவும் எண்ணிப் பார்ப்பதில்லை.

பார்லிமெண்ட் 2019-ல் நிறைவேற்றி, 2024 மார்ச்சில் விதிகள் வெளியான குடியுரிமைத் திருத்தச் சட்டம் வேறொரு தேதி வைத்தது: 2014 டிசம்பர் 31. அதற்குள் வந்த இந்துக்கள், பௌத்தர்கள், கிறிஸ்தவர்கள் முதலானோர் மனுப் போடலாம். முஸ்லிம்கள் அதில் இல்லை. அஸ்ஸாமில் அந்தத் தேதி எங்கள் 1971-ஐ விழுங்கிவிடும் என்று கிளர்ச்சி செய்தார்கள். மேற்கு வங்காளத்தில், 1971-க்குப் பிறகு வந்து குடியேறிய மதுவா மக்கள் நிறைந்த போங்காவ் பக்கத்தில், அதே சட்டத்தைக் கேட்டு ஊர்வலம் போனார்கள்.

6-ஏ பிரிவே செல்லாது, தேதியை 1951-க்குத் தள்ளுங்கள் என்று போட்ட வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. 2024 அக்டோபர் 17-ல் தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகளில் நால்வர் பிரிவு செல்லும் என்றனர், ஒருவர் மாறுபட்டார். 1971 மார்ச் 25 என்ற தேதி சட்டப் புத்தகத்தில் அப்படியே நிற்கிறது.